முதல் வாரமே செத்துப்போன நடுவர்

எங்கள் ஊர்ச் சங்கம் இந்த வருடம் ஆண்டு மலர் போடுகிறது. "மறக்க முடியாத ஒரு மனிசரைப் பற்றி எழுதித் தாருங்கோ அண்ணை" என்று கேட்டார்கள். நான் என்னைப் பற்றித்தான் எழுதுவேன் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். எழுதலாம், அதற்கு விஷயமும் இருக்கிறது. ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன், கனடாவுக்கு, மொன்றியலுக்கு வந்து செயின்ட்-மிஷேல் வீதிக் கடையொன்றில் பாத்திரம் கழுவித் தொடங்கி, இன்றைக்கு அதே வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கும் வேறு இடங்களில் மூன்று கட்டிடங்களுக்கும் சொந்தக்காரன். ஒருவரிடமும் கைநீட்டவில்லை. ஆனால் பேனையை எடுத்தால் இன்னொரு ஆளின் முகம்தான் முன்னால் வந்து நிற்கிறது. அந்த முகத்தோடு பயமும் வருகிறது. இந்த வயதில், இவ்வளவு பார்த்த பிறகு, நான் பயந்த ஒரே மனிதர் அவர்தான்.

பெயர் எழுதவில்லை. கோடை விளையாட்டுகளுக்குப் போனவர்களுக்கு "விசில் அண்ணை" என்றால் தெரியும். அவரைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். அவர் என்ன சொன்னார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மட்டக்களப்புப் பக்கத்து ஆள். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் தொழிற்சாலை ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தார். கூட நின்றவர்கள் எல்லாரும் கியூபெக்காரர்கள் என்பதால் பிரெஞ்சு அவருக்குத் தமிழ் மாதிரி வரும். கோடையில் சனி, ஞாயிறு வந்தால் தமிழ்ச் சங்கங்களின் உதைபந்தாட்டப் போட்டிகளுக்கு அவர்தான் நடுவர். மெலிந்த உடம்பு, கறுத்த அரைக் காற்சட்டை, முழங்கால் வரை இழுத்துவிட்ட காலுறை. அறுபதை நெருங்கின வயதிலும் பந்துக்குக் கிட்டத்தான் ஓடுவார். தூரத்தில் நின்று ஊதமாட்டார்.

போட்டி நாளில் ஒருவர் கையாலும் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார். பச்சைப் பிளாஸ்டிக் போத்தல் ஒன்று வைத்திருந்தார், கழுத்தில் சணல் கயிறு கட்டினது. வீட்டுக் குழாயில் நிரப்பிக்கொண்டு வருவார். அது முடிந்தால் தாகத்தோடு நிற்பார். ஒருமுறை வெயில் கொளுத்தின நாள். என் மனைவி குளிர் சோடாவோடு போய் நின்றாள்.

"ஒரு மிடறு குடியுங்கோ அண்ணை, மயங்கி விழப் போறியள்."

"இண்டைக்கு வேணாம் தங்கச்சி. திங்கக்கிழமை வந்து ரெண்டு கிளாஸ் குடிக்கிறன்."

சொன்ன மாதிரியே திங்கட்கிழமை கடைக்கு வந்து இரண்டு கிளாஸ் குடித்துவிட்டுப் போனார்.

பள்ளிப் பிள்ளைகளின் கொப்பி ஒன்றும் வைத்திருந்தார். ஒவ்வொரு போட்டி முடிந்ததும் மரத்தடியில் குந்தியிருந்து எழுதுவார். எத்தனையாவது நிமிடம், எத்தனையாம் நம்பர், என்ன தவறு, தான் என்ன ஊதினேன் என்று எல்லாம் அதில் இருக்கும். தான் விட்ட பிழைகளையும் எழுதுவார். ஒருமுறை இடைவேளையில் தோற்றுக்கொண்டிருந்த அணியிடம் போய், "பதினெட்டாவது நிமிசம் எறிபந்து உங்கட. நான் மற்றப் பக்கம் குடுத்திட்டன். மன்னிக்கணும்" என்றார். பெடியங்கள் சிரித்தார்கள். ஓர் எறிபந்துக்கு மன்னிப்புக் கேட்கிற ஆளை அவர்கள் எங்கே கண்டார்கள்.

என்னையும் ஒருமுறை வெளியே அனுப்பினார். அந்தச் சுற்றுப்போட்டிக்குப் பெரிய ஆதரவாளன் நான். மைதான ஓரத்தில், நடுக்கோட்டுக்கு நேரே, என் கடையின் பெயர் எழுதின பதாகை. அதற்குக் கீழே நின்று, எங்கள் அணிக்கு ஊதாத ஒரு தவறுக்காகக் கொஞ்சம் சத்தம் போட்டேன். நேரே வந்தார். "முதலாளி, வேலிக்கு அங்கால போய் நிண்டு பாருங்க" என்றார். குரல் உயரவில்லை. முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க நான் வேலிக்கு வெளியே போனேன். என் பதாகை உள்ளேயே நின்றது.

இப்படிப்பட்ட ஆளை வளைக்கலாம் என்று நான் நினைத்ததுதான் இந்தக் கதை.

எங்கள் அணி மூன்று வருடம் தொடர்ந்து இறுதிப் போட்டியில் தோற்றது. மூன்று முறையும் குணத்தின் அணியிடம். குணம் டாக்சி ஓடுகிறவன், என் கடையில் சாப்பிடுகிறவன். சாப்பிட்டுக்கொண்டே, "அண்ணை, கடையில கோப்பை வைக்க இடமில்லாமத்தான் வெல்லாமல் இருக்கிறியளோ?" என்று கேட்பான். நான் தொட்டது எதுவும் தோற்றதில்லை. இது மட்டும் ஏன் தோற்கவேண்டும் என்று எனக்கு ஆறவில்லை.

நாலாவது வருடமும் அவர்களோடுதான் இறுதிப் போட்டி வந்தது. யூன் மாதக் கடைசிச் சனிக்கிழமை. அந்த நேரம் விசில் அண்ணையின் மகள் இரண்டு பிள்ளைகளோடு ஊரிலிருந்து வந்து சேர்ந்திருந்தாள். எல்லாரும் ஒரு பேஸ்மென்ட் வீட்டில். சுவரெல்லாம் ஈரம். சின்னப் பேரப்பிள்ளைக்கு இழுப்பு, இரவில் மூச்சு விசிலடிக்கும் என்று அவரே ஒருநாள் என் மனைவியிடம் சொன்னார். வில்லரேயில் என் கட்டிடத்தில் இரண்டாம் மாடி வீடு அந்த மாதத்தோடு காலியாகிறது. நல்ல வெயில் விழுகிற வீடு. அதற்கு ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள்.

மொன்றியலில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. யூலை முதலாம் திகதி இந்த நகரத்தில் பாதிப்பேர் வீடு மாறுவார்கள். யூன் கடைசியில் யார் கையில் புதுத் திறப்பு இருந்தாலும் இந்தச் சாவி ஏது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். போட்டி நாளில்தானே இந்த மனிதர் ஒன்றும் வாங்கமாட்டார், முதல்நாள் கொடுத்தால் என்ன என்று யோசித்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பகல் கடைக்குக் கூப்பிட்டுத் திறப்பைக் கையில் வைத்தேன். வாடகை மற்றவர்கள் கொடுக்கிற வாடகைதான், எல்லாம் முறைப்படி. போட்டியைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒரேயொரு வசனம் சொன்னேன்.

"நாளைக்கு வடிவாப் பாத்து ஊதுங்கோ அண்ணை."

அவர் திறப்பைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, தனக்குத்தானே சொல்வது மாதிரி, "இண்டைக்கு வெள்ளிக்கிழமைதானே" என்றார். திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

அடுத்த நாள் ஆட்டம் முடிய நாலைந்து நிமிடம் இருக்க, ஒன்றுக்கு ஒன்று. எங்கள் பெடியன் ஒருவன் பந்தைக் கோலை நோக்கி அடித்தான். அது குணத்தின் பின்வரிசை ஆட்டக்காரன்மேல் பட்டுத் திரும்பியது. விசில் கேட்டது. பெனால்டி. கையில் பட்டதாம். அந்தப் பெடியன், "நெஞ்சில பட்டது அண்ணை, நெஞ்சில" என்று கத்தினான். விசில் அண்ணை தன் கையைத் தட்டிக் காட்டிவிட்டு வெள்ளைப் புள்ளியைக் காட்டினார். நாங்கள் வென்றோம். கோப்பை இன்றும் என் கடையில் குளிர்பானப் பெட்டிக்கு மேலே இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை வேறு சங்கத்தின் போட்டி இருந்தது. மத்தியானம் அவர் என் கடைக்குள் வந்து இருந்தார். "தங்கச்சி, ஒரு பிளேன்டீ" என்றார். என் மனைவி சிரித்தாள். "என்ன அண்ணை, சனிக்கிழமையில தேத்தண்ணி கேக்கிறியள்?"

"முழங்கால் ஏலாது. இனி ஊதல்ல."

அவர் அந்தப் பிளேன்டீயைக் குடித்து முடிக்கும் வரை நான் கல்லாவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். முழங்காலில் ஒன்றும் இல்லை. வில்லரே வீட்டுச் சுருள் படியில் கட்டிலைத் தலையில் வைத்து ஏற்றினதை நான் கண்ணால் கண்டவன். ஆனால் ஒன்றையும் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அந்தக் குளிர்காலம்தான் தொலைக்காட்சியில் அந்தத் தொடர் வந்தது. பிரெஞ்சு. உதைபந்தாட்டத்தில் நடக்கும் ஊழலைப் பற்றிய குற்றக் கதை. புதன்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு மறு ஒளிபரப்பு. மத்தியானச் சாப்பாடு முடிந்து கடை ஓய்ந்திருக்கும் நேரம். குணம், இரவு வேலைக்குப் போகும் இரண்டு மூன்று பேர், நான், பரிமாறும் யன்னலுக்குள் என் மனைவி. படம் பார்க்கலாம், ஆனால் கதை விளங்காது. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு கடை பிரெஞ்சு. குணத்துக்குத் தெரிந்தது வீதி பிரெஞ்சு. அதற்கு மேல் குசினிப் புகைபோக்கி விசிறியின் இரைச்சல். ஆகவே விசில் அண்ணை தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, கீழே ஓடும் எழுத்தை வாசித்துத் தமிழில் சொல்லுவார்.

நன்றாகச் சொல்லுவார். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு குரல். ஒரு கழகத்து முதலாளி, ஒரு பொலிஸ்காரி, ஆற்றில் மிதந்த ஒரு பிணம், நரைத்த தாடியோடு ஒரு நடுவர். கறி கொதித்து வழிவதும் தெரியாமல் என் மனைவி யன்னலில் நிற்பாள்.

"அண்ணை, அந்தத் தாடிக்காரனை டொக்ரர் எண்டல்லோ கூப்பிடினம்?" என்று குணம் ஒருநாள் கேட்டான்.

"பட்டப்பேர். உன்னை ஊரில குணசாலி எண்டு கூப்பிடுறதில்லையா, அது மாதிரி."

எல்லாரும் சிரித்தோம். நானும்தான். அடுத்த புதன் என் சிரிப்பு நின்றது.

திரையில் முதலாளி நரைத்த தாடிக்காரரோடு ஒரு கந்தோர் மேசையில் கதைத்துக்கொண்டிருந்தான். விசில் அண்ணை சொன்னார்: "முதலாளி இப்ப ஒரு திறப்பு குடுக்கிறார். வீட்டுத் திறப்பு. ரெஃப்ரிட பேரப்புள்ளைக்குச் சுகமில்ல."

நான் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றேன். கொதிநீர் விரலில் பட்டது. திரையில் திறப்பு எதையும் நான் காணவில்லை. கமரா வேறு பக்கம் பார்த்திருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்தினேன். உலகத்தில் எத்தனை வீடு, எத்தனை திறப்பு.

அதற்கு அடுத்த புதன், அந்த வீடு இரண்டாம் மாடி என்றார். வெளியே இரும்புச் சுருள் படி என்றார். "போட்டி நாளில ரெஃப்ரி ஒண்டும் வாங்கமாட்டார் எண்டு முதலாளிக்குத் தெரியும். அதால முதல்நாள் குடுக்கிறார். கெட்டிக்கார முதலாளி."

"கள்ளப் பயல்" என்றான் குணம், ரோல்ஸைக் கடித்துக்கொண்டு. "என்னெண்டு கேட்டவன்? நேரேயே வெல்ல வை எண்டு கேட்டவனோ?"

"இல்ல மனே. ஒரு சொல்தான் சொன்னார்." விசில் அண்ணை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "'நாளைக்கு வடிவாப் பாத்து ஊதுங்கோ அண்ணை.'"

மட்டக்களப்பு மனிதர் அவர். "ஊதுங்க" என்றுதான் அவர் வாயில் வரும். அந்த வசனத்தை மட்டும் "ஊதுங்கோ" என்று சொன்னார். என் குரலில் சொன்னார். நான் இழுக்கிற இடத்தில் இழுத்து, நான் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினார். என் மனைவி யன்னலுக்குள் இருந்து என்னைத் திரும்பிப் பார்த்தது மாதிரி இருந்தது. பார்த்தாளோ, எனக்கு அப்படிப் பட்டதோ, இன்றைக்கும் கேட்கத் துணிவில்லை. அந்த மனிதருக்கு வீடு கொடுத்ததை அவள் கோயிலில் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டவள்.

முப்பது வருடமாகக் கட்டின பெயர். இந்த வீதியில் நான் நடந்தால் கடைக்காரர்கள் வெளியே வந்து கதைப்பார்கள். சங்கத்தில் என் கதிரை முன்வரிசை. குணத்துக்குத் தெரிந்தால் அன்று மாலையே முழு மொன்றியலுக்கும் தெரியும். ஒரு புதன், தொலைக்காட்சியின் பின்பக்கத்து வயரைக் கழற்றி ஒளித்துவிட்டு, பெட்டி பழுது என்று சொன்னேன். குணம் டாக்சியின் பின்பெட்டியைத் திறந்து தன் பழைய தொலைக்காட்சியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "கதை நல்ல இடத்தில நிக்குது அண்ணை, விடுவமே?"

என் மகள் கர்க்லாண்டில் இருக்கிறாள். இங்கே பிறந்து பிரெஞ்சில் படித்தவள். அடுத்த புதன் அவளைக் கடைக்கு வரச் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. ஒரு மூலையிலிருந்து பார்த்தாள். பாதியில் என்னைக் குளிர்பான அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு.

"அப்பா, அந்த அங்கிள் சொல்றது ஒண்டும் டிவியில இல்லை. தான் நினைச்ச கதையைச் சொல்றார்."

"திறப்பு?"

"திறப்பு இல்லை. வீடு இல்லை. அந்தத் தாடி வச்சவர் ரெஃப்ரி இல்லை, டீமின்ர டொக்டர்."

"அப்ப ரெஃப்ரி எங்கை?"

"நான் இதை முந்தியே பாத்தனான். அவர் ஃபர்ஸ்ட் எபிசோட்லயே செத்திட்டார். ஆத்தில மிதந்தது அவர்தான்."

அந்தக் குளிர் அறைக்குள் எனக்கு வியர்த்தது. ஆக, இத்தனை வாரமும் பிரெஞ்சுக்காரன் எழுதாத ஒரு கதையை, என் கடையில், என் முன்னால், என் பகைவனுக்குத் தவணை முறையில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். கடைசி வாரம் என்ன சொல்லுவார்?

மறுநாள் காலை வில்லரேக்குப் போனேன். என் சொந்தக் கட்டிடம், என் சொந்தப் படி. கள்ளன் மாதிரி மெல்ல ஏறினேன். பனி உறைந்து கிடந்தது. அவர் ஒவ்வொரு படிக்கும் உப்புத் தூவி வைத்திருந்தார். உள்ளே வெயில் விழுந்த இடத்தில் சின்னப் பிள்ளை படம் கீறிக்கொண்டிருந்தது. மகள் வேலைக்குப் போய்விட்டாள். அலமாரியில் கொப்பிகள் அடுக்கி இருந்தன. நான் சப்பாத்தைக் கழற்றாமல் கதவடியில் நின்றேன்.

"அண்ணை, கதையை எங்கை கொண்டு போறியள்?"

"டிவிக்காரன் எங்க கொண்டு போறானோ அங்க."

"மகள் சொன்னாள், ரெஃப்ரி முதல் கிழமையே செத்திட்டாராம்."

அவர் பிள்ளையின் தலையைத் தடவினார்.

"ஓம் முதலாளி. ரெஃப்ரி செத்துத்தான் போனார்."

நான் வியாபாரத்தில் எத்தனையோ பேரை மடக்கினவன். "நான் உங்களுக்கு நல்லதுதானே செய்தனான்" என்று மட்டும் வந்தது.

"ஓம். புள்ளைக்கு இப்ப இழுப்பு இல்ல. ஒவ்வொரு நாளும் காலமை எழும்பி அதைத்தான் கேட்டுக்கொண்டு கிடப்பன். மூச்சுச் சத்தம் வருதா எண்டு."

"கடைசிக் கிழமை என்ரை பேரைச் சொல்லப் போறியளோ?"

"நான் யார்ர பேரையும் சொன்னதில்ல. நம்பரைத்தான் எழுதுவன்." கதவைத் திறந்து பிடித்தார். "வாற புதன் முடிவு. படி வழுக்கும், கம்பியைப் பிடிச்சுக்கொண்டு போங்க."

அந்தப் புதன் கடையைப் பூட்டிவிடலாமா என்று யோசித்தேன். பூட்டினால் வேறு இடத்தில் சொல்லுவார், அங்கே நான் இருக்கமாட்டேன். அதை நினைத்தால் இன்னும் பயம். கடையைத் திறந்தேன். பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். முடிவு என்றால் எல்லாரும் வருவார்கள்தானே. என் மனைவி விசிறியை நிறுத்திவிட்டு வெளியே வந்து இருந்தாள். நான் கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரையில் ஒரு நீதிமன்றம். விசில் அண்ணை சொல்லத் தொடங்கினார்.

"ரெஃப்ரியைக் கூப்பிட்டுக் கேக்கிறாங்க. ஏன் ஊதினாய்? கையில பட்டது, ஊதினன் எண்டு சொல்றார். சரி எண்டு விட்டிட்டாங்க."

"நம்பிட்டாங்களோ?" என்றான் குணம்.

"எல்லாரும் நம்பினாங்க. முப்பது வருசம் பிழை ஊதாத மனிசன். ஒராள் மட்டும் நம்பல்ல."

"ஆர்?"

"ரெஃப்ரி." அவர் இன்னும் திரையைத்தான் பார்த்தார். "ஊதின நேரம் அவர் கையைக் கண்டவர். நல்லாக் கண்டவர். ஆனா திறப்பு பைக்குள்ள கிடந்தது. பிறகு யோசிக்க யோசிக்க, கண் பாத்ததா, திறப்பு பாத்ததா எண்டு அவருக்கே தெரியாமப் போச்சு. திறப்பு இல்லாட்டியும் அதைத்தான் ஊதியிருப்பார். இல்லாட்டி ஊதியிருக்கமாட்டார். அதை இனி ஆர் சொல்லுற?"

குணம்தான் கேட்டான். "அப்ப முதலாளி? அவனைப் பிடிக்கேல்லையோ?"

விசில் அண்ணை திரையிலிருந்து கண்ணை எடுத்து, முதல் தடவையாக, என்னைப் பார்த்தார். இதோ என்று நினைத்தேன். கோப்பைக்குக் கீழே நான், எனக்கு முன்னால் பன்னிரண்டு பேர்.

"அவரை ஒருத்தரும் தேடல்ல" என்றார். "அவர் வடிவாப் பாத்து ஊதச் சொன்னவர். அதுல என்ன பிழை?"

எழுத்துகள் ஓடின. தொடர் முடிந்தது. குணம் எழும்பிச் சோம்பல் முறித்தான். பிறகு விசில் அண்ணையின் தோளில் கையை வைத்தான்.

"பாவம் அந்த ரெஃப்ரி. எங்கட விசில் அண்ணை மாதிரி ஒராள் எண்டா உப்பிடி நடந்திருக்காது. எங்களுக்கும் கடைசி நிமிசத்தில பெனால்டி குடுத்தவர்தானே. பெடியன் நெஞ்சு எண்டு அழுதான். நான் சொன்னன், அவர் ஊதினா கைதான், வாயைப் பொத்து எண்டு."

விசில் அண்ணை அந்தக் கையைத் தட்டிக் கொடுத்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே பனிக்குள் போனார். அன்றைக்குத் தப்பிவிட்டேன் என்ற ஆறுதல் எனக்கு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

இரண்டு வாரத்தில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. பிரெஞ்சில். அவர் பெயரைப் பார்த்ததும் சட்டத்தரணியின் கடிதம் என்றே நினைத்து, உறையைப் பிரிக்காமல் கர்க்லாண்டுக்குக் கொண்டு போனேன். மகள் வாசித்தாள். "வீட்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கேல்லையாம். யூன் கடைசியில போகினமாம். அவ்வளவுதான் அப்பா. ஏன் இதுக்கு இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

யூன் முடியும் நாளில் திறப்போடு கடைக்கு வந்தார். வெளியே ஒரு வான், அதில் கட்டில், கொப்பிப் பெட்டிகள், பேரப்பிள்ளைகள். ஒட்டாவாப் பக்கம் மகளுக்கு வேலை கிடைத்ததாம். நல்ல வெயில். என் மனைவி தண்ணீர் கொண்டு வந்து நீட்டினாள். அவர் தலையசைத்துவிட்டுத் தோளில் தொங்கின பச்சைப் போத்தலைக் காட்டினார்.

"என்ன அண்ணை, இண்டைக்குப் போட்டியோ?"

"ஓம் தங்கச்சி" என்று சிரித்தார்.

திறப்பை என் உள்ளங்கையில் வைத்தார். சூடாக இருந்தது. வழியெல்லாம் கைக்குள் பொத்திக்கொண்டு வந்திருக்கவேண்டும்.

இதை மலரில் எழுதலாமா என்று கேட்கப் போன மாதம் தொலைபேசி எடுத்தேன்.

"எழுதுங்க முதலாளி. குணமும் வாசிக்கட்டும். ஆனா கையில பட்டதெண்டும் எழுதுங்க."

"பட்டதுதானே அண்ணை?"

"பொறுங்க." பெட்டி இழுபடும் சத்தம், தாள் புரளும் சத்தம். "கொப்பியில பட்டதெண்டு இருக்கு. என்ர கையெழுத்துத்தான்." பிறகு, என்றைக்கும் எவரிடமும் எதையும் கேட்காத அந்த மனிதர் என்னிடம் கேட்டார். "நீங்க கோலுக்குப் பக்கத்து எல்லைக் கோட்டில, எனக்குப் பத்தடி தள்ளி நிண்டீங்க. பந்து உங்கட பக்கம்தான். என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கும். நீங்க கண்டதை எழுதுங்க. நான் வாசிச்சுத் தெரிஞ்சுகொள்றன்."

எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். இந்த மலர் ஒட்டாவாவுக்கும் போகும். மூன்று வாரமாகப் பேனையோடு இருக்கிறேன். "கையில் பட்டது, நான் கண்டேன்" என்று எழுதினால் போதும், அந்த மனிதர் நிம்மதியாகத் தூங்குவார். என் பேச்சை இந்த ஊரில் ஒருவரும் மறுத்ததில்லை. ஆனால் அவரிடம் ஏற்கெனவே ஒருதரம் வடிவாகச் சிரித்துக்கொண்டு ஒன்றைக் கொடுத்தவன் நான். இன்னொருதரம் கொடுக்கக் கை வரவில்லை.

ஆகவே உள்ளதை எழுதுகிறேன், அண்ணை. நீங்கள் சொன்ன இடத்தில்தான் நின்றேன். பந்து என் பக்கம்தான் வந்தது. அந்த நேரம் நான் பந்தைப் பார்க்கவில்லை. ஊதுகிறீர்களா என்று உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.